'ஒருவேளை' என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஊத்துக்குளிக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற வீட்டு ஜெபக்கூட்டத்தில் பங்குபெறும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவ்வீட்டு அம்மையாரின் மூத்த மகன் திருப்பூரில் பனியன் தொழிலில் இருந்தவர்; அப்பொழுது நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார். அம்மையார் முழந்தாளிட்டு நெடுநேரம் மன்றாடினார். மன்றாட்டின் முடிவில், "ஆண்டவரே, ஒருவேளை நீர் அவனை எனக்குத் திருப்பித் தருவீர்" என்று சொல்லி நிறுத்தினார். கூட்டத்தார் ஆமென் என்றனர். ஆனால் வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் அதை அவ்வளவில் விடவில்லை. "அம்மா, ஜெபத்திலே 'ஒருவேளை' வரக்கூடாது. அது விசுவாசிகள் பேசும் சொல் அல்ல. சாத்தான் வாயில் வைக்கும் சொல். 'தந்துவிட்டீர், ஸ்தோத்திரம்' என்று சொல்லுங்கள்" என்று திருத்தினார். அம்மையார் முகம் வெளுத்து, "தெரியாமச் சொல்லிட்டனுங்க" என்றார். அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை என்று பின்னர் அறிந்தோம். மகனுக்குத் தீங்கு நேர்ந்தால் அது தம் வாய்ச்சொல்லால் நேர்ந்ததாகும் என்று அவர் அஞ்சினாராம்.

ஒரு சொல் ஒரு தாயை இவ்வளவு கலங்கச் செய்யுமாயின், அச்சொல் எங்கிருந்து வந்தது, திருமறையில் அதற்கு என்ன இடம் உண்டு, தமிழ் இலக்கணம் ஐயத்தைப்பற்றி என்ன கருதியது என்பவற்றை ஆராய்வது வீண்வேலை ஆகாது. அவ்வாராய்ச்சிக்குத் தொலைதூரம் செல்லவேண்டியதும் இல்லை. ஊத்துக்குளியில் இரயிலேறி ஈரோட்டை நோக்கிச் செல்வோர்க்கு அடுத்த நிலையம் விசயமங்கலம். சமணம் தழைத்திருந்த பழம்பதி அது; அங்குள்ள சமணக் கோயிலை மக்கள் நெட்டைக்கோபுரம் என்று வழங்குவர். பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிரை இவ்வூரோடு இணைத்துப் பேசுவது மரபு. பெருந்துறைப் பக்கத்தில் சீனாபுரம் என்றோர் ஊர் உண்டு. நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் பிறந்த சனகாபுரம் இதுவே என்பது கொங்கு நாட்டார் கொள்கை. மைசூர்ப் பக்கத்து ஊர் அது என்பாரும் உளர். அவ்வழக்கை இங்குத் தீர்க்கப் புகவில்லை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட இயற்றப்பட்டது நன்னூல். இன்றுவரை தமிழ் எழுதக் கற்பவர் அனைவரும் அறிந்தோ அறியாமலோ அந்நூலின் மாணாக்கரே.

ஐயத்தைக் குறிக்கும் தனிச்சொல் பழந்தமிழில் 'கொல்' என்பது. அது பெயரும் அன்று, வினையும் அன்று, இடைச்சொல். தனித்து நிற்கமாட்டாது, தான் சார்ந்த சொல்லின் பின்னே ஒட்டி நின்று, 'இவ்வாறு இருக்கலாம், உறுதியாகச் சொல்லத் துணியேன்' என்னும் குறிப்பைத் தரும். தொல்காப்பியர் அதற்கு ஐயப்பொருள் ஒன்றையே கூறினார். பவணந்தியார் ஐயத்தோடு அசைநிலையையும் சேர்த்தார். திருக்குறளின் காமத்துப்பால் தொடங்கும் முதற் குறளிலேயே இச்சொல் மூன்று முறை வருகிறது. தலைவியை முதன்முதல் கண்ட தலைவன், அவள் தெய்வமகளோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று மயங்குகின்ற இடம் அது.

இம்மயக்கத்தை அகப்பொருள் இலக்கணம் ஒரு குற்றமாகக் கொள்ளவில்லை என்பதைக் கருதவேண்டும். காட்சி, ஐயம், தெளிவு என்று அது முறைப்படுத்துகிறது. காட்சிக்குப் பின்னரே ஐயம். ஐயத்தின் வழியே தெளிவு. கண்ட பொருள் சிறந்ததாயின் அங்கு ஐயம் தோன்றுவதே சிறப்பு என்பது தொல்காப்பியர் கருத்து. அற்பமான பொருளைக் கண்டு எவரும் ஐயுறுவதில்லை. சூடிய பூ வாடுகிறது, கண் இமைக்கிறது, முகத்தில் அச்சம் தோன்றுகிறது என்றின்னோரன்ன அடையாளங்களைக் கண்டு தலைவன் தெளிவடைகிறான். தெய்வத்தின் பூ வாடாது, கண் இமையாது அல்லவா! இதனைப் படிக்குந்தோறும் மத்தேயு நற்செய்தியின் கடைசிப் பகுதி எம் நினைவுக்கு வரும். கலிலேயாவிலுள்ள மலையில் உயிர்த்த ஆண்டவரைச் சீடர்கள் கண்டார்கள், பணிந்துகொண்டார்கள், சிலரோ ஐயுற்றார்கள். காணாததால் அன்று, கண்டதனாலேயே ஐயுற்றார்கள். ஆண்டவர் அவர்களை வேறுபடுத்தி நிறுத்தியதாக மத்தேயு எழுதவில்லை. அருகில் வந்து பேசினார் என்றே எழுதுகிறார். உலகெங்கும் செல்லும் கட்டளை, பணிந்தவர்க்கும் ஐயுற்றவர்க்கும் ஒரே வாக்கியத்தில் கொடுக்கப்பட்டது. தோமாவுக்கு அடையாளமாகக் காட்டப்பட்டவை காயங்கள். தொல்காப்பியத் தலைவனுக்கு வாடிய பூ எப்படியோ, அப்படியே தோமாவுக்கு அக்காயங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது; ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தல் ஆகாது.

நன்னூலில் மற்றொரு செய்தி இதைவிட நமக்குப் பயன்படுவது. பொதுவியலில் பவணந்தியார், ஐயம் தோன்றும்போது எவ்வாறு பேசவேண்டும் என்று விதி வகுக்கிறார். அந்தி மங்கலில் வயல் வரப்பின்மேல் ஏதோ ஒன்று நிற்கிறது. வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையா, ஆளா என்று புலப்படவில்லை. அப்பொழுது 'கட்டை நிற்கிறது' என்று சொல்லுதலும் தவறு, 'ஆள் நிற்கிறான்' என்று சொல்லுதலும் தவறு. இரண்டுக்கும் பொதுவான 'உரு' என்னும் சொல்லால், கட்டையோ ஆளோ அங்கே தோன்றும் உரு என்று சொல்லவேண்டும். ஆள் என்பது தெரிந்தபின், இது கட்டை அன்று என விலக்கி, உண்மையை உரைக்கலாம். இவ்விதி மொழியைப் பிழையின்றிப் பேசும் நெறியைச் சேர்ந்தது. ஐயத்தை ஐயமாகவே சொல்வது வழாநிலை. தெளியாததைத் தெளிந்ததுபோலச் சொல்வதுதான் வழு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சமண முனிவர் வகுத்த இந்நெறி, அன்று அந்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் யார் வழாது பேசினார், யார் வழுவினார் என்பதை எமக்கு ஒருவாறு காட்டிற்று.

கொங்கு நாட்டு மக்கள் பேச்சில் இந்நெறி இன்றும் வழங்குகிறது. மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமுமாக வாழ்ந்த ஊத்துக்குளிப் பகுதி உழவர், மேற்கே கருக்கல் கட்டுவதைக் கண்டு 'மழை வரும்' என்று அறுதியிட்டுச் சொல்லமாட்டார். 'மழை வருமாட்ட இருக்குதுங்க' என்பார். 'ஆட்ட' என்பது 'போல' என்னும் பொருளில் வரும் கொங்குச் சொல். வானத்தின் உரிமையில் தலையிடாமல், தம் கண்ணுக்குப் பட்டதை மட்டும் சொல்லும் பணிவு அதில் உண்டு. ஐயக்குறிப்பு வாக்கியத்தின் பின்புறத்தில், வினையை ஒட்டி நிற்பதையும் காண்க. கொல்லும் அவ்வாறே, ஓகாரமும் அவ்வாறே நிற்கும். ஓகாரத்துக்கு நன்னூலார் கூறும் எட்டுப் பொருள்களுள் ஐயம் தனியே எண்ணப்படவில்லை. ஆயினும் 'வருவானோ வரமாட்டானோ' என இரட்டித்து வரும்போது அது ஐயத்தையே உணர்த்துகிறது.

'ஒருவேளை' இக்கூட்டத்தைச் சேர்ந்தது அன்று. ஐயத்துக்கு உரிய சொல்லாகப் பழைய இலக்கணிகள் அதனை எண்ணவில்லை. வேளை என்பது வடமொழிவழி வந்த காலப்பெயர். ஒருவேளை என்றால் ஒரு பொழுது. ஒரு பொழுது இப்படியும் நடக்கலாம் என்னும் கருத்திலிருந்து 'நடந்தாலும் நடக்கலாம்' என்னும் பொருள் பிறந்தது. பழைய பொருளும் மறைந்துவிடவில்லை. நம் திருமறையிலேயே இரண்டும் உள. ஏசா தன் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றது எதற்காக என்று எபிரெயர் நிருபம் சொல்லும் இடத்தில், ஒருவேளை என்பது ஒரு நேர உணவைக் குறிக்கிறது. ஐயம் என்னும் சொல்லுக்கும் பிச்சை என்னும் மற்றொரு பொருள் உண்டு. ஆத்திசூடி படித்த சிறுவர் அறிவர். தமிழில் ஐயத்தைக் குறிக்கும் இரு சொற்களும் பசியோடும் உறவுடையனவாய் அமைந்தது தற்செயலே. எனினும் மறக்கக்கூடியதாக இல்லை.

இக்காலச்சொல் திருமறைக்குள் இவ்வளவு பெரிய இடத்தைப் பெற்றது எவ்வாறு என்பதைக் காண, மொழிபெயர்ப்பு வரலாற்றைச் சற்றே நோக்குவோம். சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் முற்றுப்பெற்றது. பப்ரிசியுஸ் ஐயரின் புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. இரேனியுஸ், பெர்சிவல் ஆகியோரின் முயற்சிகள் பின்தொடர்ந்தன. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அவர் பிற்காலத்தில் நன்னூலுக்குக் காண்டிகையுரை தந்ததும் நாம் அறிந்ததே. இம்முயற்சிகளுக்குப் பின், பல சங்கங்கள் கூடி அமைத்த குழுவின் திருத்தமாக 1871-இல் வெளிவந்ததே நாம் இன்றும் ஆலயங்களில் வாசிக்கும் ஐக்கிய மொழிபெயர்ப்பு. கொங்கு நாட்டில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் ஐயர் 1830-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய பணியின் வழி உருவான சபைகளும் காலப்போக்கில் இதனையே தம் வேதமாகக் கொண்டன.

அத்திருத்தத்தின் தலைவர் ஹென்றி பவர் ஐயர். அவர் வேத அகராதி இயற்றியவர். சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868-இல் உரையுடன் பதிப்பித்தவர். ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1876-இல், நன்னூலை ஆங்கில விளக்கத்தோடு வெளியிட்டவரும் அவரே. ஆகவே கொல், ஓகாரம், ஐயவழக்கு ஆகியவற்றின் இலக்கணத்தை நன்கு அறிந்தவர் கையால் நம் திருமறை திருத்தம் பெற்றது. அவர் அறியாமையால் 'ஒருவேளை'யைப் புகுத்தினார் என்று எவரும் சொல்ல இடமில்லை. கொல் அக்காலத்திலேயே செய்யுளோடு நின்றுவிட்ட சொல். பொதுமக்கள் கேட்டு உணரவேண்டிய நூலில் அதனை ஆள இயலாது.

பழைய ஏற்பாட்டில் 'ஒருவேளை' பெரும்பாலும் 'ஊலை' என்னும் எபிரெயச் சொல்லுக்கு ஈடாக வருகிறது. அவ்வெபிரெயச் சொல் ஏறத்தாழ நாற்பத்தைந்து இடங்களில் வரும். அதனை உரைத்தவர் யார் யார் என்று பார்த்தால் வியப்பு உண்டாகும். சாராய் தன் அடிமைப்பெண்ணால் தன் வீடு கட்டப்படலாம் என்று முதலில் அதனைச் சொல்கிறாள். அது மனிதத் திட்டத்தின் 'ஒருவேளை', அதன் விளைவு நாம் அறிந்ததே. ஆனால் அடுத்து ஆபிரகாம், சோதோமுக்காக ஆண்டவர் முன் நின்று வழக்காடும்போது, ஐம்பதிலிருந்து பத்துவரை இறங்கிவரும் ஒவ்வொரு படியிலும் அச்சொல்லையே ஊன்றுகோலாகக் கொள்கிறான். திருமறையின் முதற்பெரும் பரிந்துரை மன்றாட்டு இச்சொல்லின்மேல் நிற்கிறது. அதனை எடுத்துவிட்டால் ஆபிரகாமின் மன்றாட்டே சரிந்துவிடும். சீமேயி தூஷித்துக் கல்லெறிய, தாவீது அவனைத் தண்டிக்க விடாமல், கர்த்தர் தன் சிறுமையைப் பார்க்கக்கூடும் என்று அதே சொல்லைச் சொல்லி நடந்துபோகிறான். யோனா கப்பலின் அடித்தட்டில் உறங்க, புறமதத்தானாகிய மாலுமித் தலைவன் அதனைச் சொல்லி அவனை எழுப்புகிறான். தீர்க்கதரிசியிடம் இல்லாத ஜெபம் மாலுமியிடம் இருந்தது.

இவற்றுள் யோனத்தானின் சொற்கள் தனியே ஆராயத்தக்கவை. ஒரே ஒரு ஆயுததாரியோடு பெலிஸ்தரின் தாணையத்தை நோக்கி ஏறப்போகும் அவன், கர்த்தர் நமக்காக ஒருவேளை ஒரு காரியம் செய்வார் என்கிறான். அதே மூச்சில், அநேகரைக் கொண்டாகிலும் கொஞ்சம் பேரைக் கொண்டாகிலும் இரட்சிக்கக் கர்த்தருக்குத் தடையில்லை என்றும் சொல்கிறான். ஆண்டவரின் ஆற்றலைப்பற்றி அவனுக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆண்டவரின் சித்தத்தை மட்டும் தன் கைப்பொருளாக்கிக்கொள்ள அவன் துணியவில்லை. 'ஒருவேளை' அவனுடைய காலைக் கட்டிவிடவும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவன் பாறையில் கைகளாலும் கால்களாலும் தவழ்ந்து ஏறினான். விசுவாசம் குறைந்தவன் கூடாரத்தில் அல்லவா இருந்திருப்பான்?

தமிழ் நடையில் இங்கு ஒரு நுட்பம் உண்டு. 'ஒருவேளை' வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. வாலில் நிற்கும் வினையோ 'செய்வார்', 'இரங்குவார்' எனத் தெளிவான எதிர்காலமாக முடிகிறது. 'செய்யலாம்' என்று வினையும் தளர்ந்துவிடவில்லை. தலையில் பணிவும் அடியில் உறுதியுமாக வாக்கியம் அமைகிறது. அந்த அம்மையாரின் மன்றாட்டும் இவ்வமைப்பிலேயே இருந்தது: 'ஒருவேளை' என்று தொடங்கி 'தருவீர்' என்று முடிந்தது. ஐம்பது ஆண்டு ஆலயத்தில் அமர்ந்து கேட்ட காது அவருடையது. ஆமோசும் செப்பனியாவும் பேசிய தமிழையே அவர் பேசினார்.

ஆமோசையும் செப்பனியாவையும் குறிப்பிட்டோம். நன்மையை நாடுங்கள், நியாயத்தை நிலைநிறுத்துங்கள், ஒருவேளை கர்த்தர் இரங்குவார் என்பது முன்னவரின் செய்தி; தாழ்மையைத் தேடுங்கள், ஒருவேளை மறைக்கப்படுவீர்கள் என்பது பின்னவரின் செய்தி. தீர்க்கதரிசிகள் தம் கட்டளையை உறுதியாகவும் பலனை ஐயமாகவும் கூறுவது படிப்போரை இடறச் செய்யும். யூத ரபிமாரும் இடறினர். இவ்வசனங்களை வாசிக்குந்தோறும் ரபி அம்மியும் ரபி அசியும் அழுதார்கள் என்று தல்மூது கூறுகிறது. இவ்வளவும் செய்தபின்னும் 'ஒருவேளை' தானா என்பது அவர்களின் கண்ணீர். அக்கண்ணீரை நாம் அற்பமாக எண்ணலாகாது. இச்சொல் வலியுள்ளது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆயினும் அதனை அழித்து வேறு எழுதவும் இல்லை.

அவர்கள் அழுத இடங்களுள் ஒன்று புலம்பல் மூன்றாம் அதிகாரம். எருசலேம் இடிந்து கிடக்க, மனிதன் தன் வாயைத் தூளில் வைத்து நம்பிக்கை உண்டோ என்று தேடும் வசனம் அது. மூலத்தில் அங்கும் 'ஊலை'யே உள்ளது. ஆனால் ஐக்கிய மொழிபெயர்ப்பாளர் அங்கு 'ஒருவேளை' என்று எழுதவில்லை. 'உண்டோ என்னவோ' என்று எழுதினர். இரட்டை ஓகாரம்! வாய் தூளில் கிடக்கும் மனிதனால் வாக்கியத்தின் தலையில் ஒரு சொல்லை நிமிர்த்தி வைக்க முடியுமா? அவன் முனகலுக்கு ஏற்ற தமிழ் ஐயக்குறிப்பு, வினையின் காலடியில் கிடக்கும் ஓகாரமே. நன்னூல் கற்ற கை இங்குத் தெரிகிறது என்று கருதுகிறோம்.

பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் இன்னொன்று. ஒநேசிமு ஓடிப்போனதில் தேவனுடைய நோக்கம் இருந்திருக்கலாம் என்று பவுல் சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் 'தாக்கா' என்னும் ஐயச்சொல் இருக்கிறது. அப்போஸ்தலனாகிய பவுலே, ஓடிப்போன அடிமை ஒருவனின் வாழ்வில் தேவசித்தம் இன்னது என்று அறுதியிட்டுக் கூறாமல், அச்சொல்லைப் பெய்தார். அதற்குத் தமிழில் 'பிரிந்துபோனானாக்கும்' என்று இருக்கிறது. திண்ணையில் அமர்ந்து பேசும் முதியவரின் தமிழ் அது. 'ஆக்கும்' என்னும் அவ்வீறு, 'நான் அப்படி நினைக்கிறேன், நீரும் நினைத்துப் பாரும்' என்று பிலேமோனை அருகில் அழைக்கிறது. 'ஒருவேளை' என்று அங்கே எழுதியிருந்தால் பொருள் வந்திருக்கும், அன்பு வந்திராது. பின்வந்த திருத்தங்களில் இத்தகைய ஈறுகள் பேச்சு வழக்கென்று ஒதுக்கப்படுவது எமக்கு இழப்பாகவே தோன்றுகிறது.

புதிய ஏற்பாட்டில் இன்னும் அரிய ஓர் ஐயச்சொல் உண்டு: 'ஈசோஸ்'. அது ஒரே ஒரு முறை, லூக்கா இருபதாம் அதிகாரத்தில் வருகிறது. அதனைச் சொல்பவன் சீடனும் அல்லன், பாவியும் அல்லன், திராட்சத்தோட்டத்தின் எஜமான். தன் பிரியமான குமாரனை அனுப்பும்போது, அவர்கள் அவனுக்கு அஞ்சக்கூடும் என்று எண்ணும் இடத்தில் அச்சொல் அமைந்துள்ளது. உவமையை உவமையாகவே கொள்ளவேண்டும். தேவனுக்கு எதிர்காலம் தெரியாது என்று இதனால் நிறுவப் புகுதல் தவறு. ஆயினும், மனிதன் மறுக்கக்கூடும் என்பதை அறிந்தும் தன் மகனை அனுப்புகின்ற அன்பைச் சொல்ல ஆண்டவர் தேர்ந்துகொண்ட சொல் அது.

இனி, எதிர்ப்பக்கம் சொல்வோர் காட்டும் வசனங்களைப் பார்ப்போம். அவை வலுவற்றவை அல்ல. சந்தேகப்படாமல் கேட்கவேண்டும் என்று யாக்கோபு எழுதுகிறார். சந்தேகப்படுகிறவனைக் காற்றடிக்கும் கடலலைக்கு ஒப்பிடுகிறார். நீரில் அமிழ்ந்த பேதுருவை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். ஆனால் இவ்விடங்களில் தமிழில் வரும் சொல் சந்தேகம், 'ஒருவேளை' அன்று. யாக்கோபின் கிரேக்கச் சொல் தனக்குள்ளே பிளவுபட்டு நிற்பதைக் குறிப்பது. தொடர்ந்து அவரே அத்தகையவனை இருமனமுள்ளவன் என்று விளக்குகிறார். தேவனிடமும் உலகத்திடமும் ஒருங்கே கைநீட்டுகிறவன் அவன். தேவனிடம் மட்டுமே கைநீட்டி, அவர் தருவது இன்னதென்று முன்கூட்டி அறியாதிருப்பவன் வேறு. பேதுருவிடம் கூறப்பட்ட சொல்லோ மத்தேயுவில் இருமுறை மட்டுமே வருவது. மற்றொன்று நாம் மேலே கண்ட கலிலேய மலையில். ஒருமுறை கடிந்துரையும் உடனே நீட்டிய கையும்; மறுமுறை கடிந்துரையே இல்லை.

ஐக்கிய மொழிபெயர்ப்பு இவ்வேறுபாடுகளை எவ்வளவு கருத்தோடு பேணியது என்பதற்கு ரோமர் பதினான்காம் அதிகாரம் சான்று. அங்கே விசுவாசத்தில் பலவீனமானவனைச் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் சொல்லும்போது, அவனுடைய உள்ளத்துத் தடுமாற்றங்கள் 'மன ஐயங்கள்' எனப்படுகின்றன. அவற்றைக் குற்றமாகத் தீர்க்கக்கூடாது என்பது கட்டளை. அதே அதிகாரத்தின் முடிவில், தன் மனச்சாட்சி ஒப்பாமலே உண்பவனைக் குறிக்கச் 'சமுசயம்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. ஐயம், சமுசயம், சந்தேகம் என மூன்று சொற்கள். அகராதியில் ஒருபொருட்பன்மொழி, மொழிபெயர்ப்பில் மூன்று நிலைகள். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், பேதுருவின் சந்தேகத்தையும் கலிலேய மலையின் சந்தேகத்தையும் ஐயமாக மாற்றியது. தூய தமிழ்ச் சொல் மீண்டு வந்தது மகிழ்ச்சியே. ஆனால் சந்தேகம் ஐயமானபோது, அவ்விரண்டின் இடையே பழைய மொழிபெயர்ப்பு வைத்திருந்த மெல்லிய வரப்பு மறைந்தது.

சாத்தானின் சொல் 'ஒருவேளை' என்று அப்பேச்சாளர் கூறினார். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், பாம்பு ஓரிடத்திலும் அவ்வாறு பேசவில்லை. அதன் முதற்சொற்கள் 'உண்டோ' என்று முடியும் வினா. நன்னூலார் வினாவை ஆறாக வகுப்பார். ஐயத்தால் எழும் வினா ஒன்று, விடை அறிந்தே வினவும் அறிவினா மற்றொன்று. பாம்பின் வினா அறிவினாவே. அதனை அடுத்து அது உரைப்பது முழு உறுதியான கூற்று. சாவாய் என்பதை அழுத்த ஆண்டவர் பயன்படுத்திய 'சாகவே' என்னும் சொல்லையே எடுத்து, எதிர்மறையோடு சேர்த்துத் திருப்பிச் சொல்கிறது. அவ்வேகாரத்துக்கு இலக்கணத்தில் தேற்றம் என்று பெயர். தமிழ்த் திருமறையில் பாம்பு ஐயக்கிளவியால் ஏமாற்றவில்லை; தேற்ற ஏகாரத்தால் ஏமாற்றியது.

எரேமியாவின் காலத்திலும் இதுவே நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் பாபிலோனின் நுகம் முறியும் என்று அனனியா ஆலயத்தில் நின்று உறுதியாக அறிவித்தான். மக்கள் கேட்க விரும்பியதும் அதுவே. எரேமியாவோ, ஆமென், அப்படியே ஆகட்டும் என்று கூறி, சற்று நேரம் கழித்து ஒன்றும் பேசாமல் தன் வழியே போனான். கர்த்தரின் வார்த்தை அவனுக்கு வந்தபின்னரே திரும்பி வந்து பேசினான். அந்த இடைவெளியில் எரேமியா மௌனமாயிருந்தது விசுவாசக் குறைவால் அன்று.

நோயுற்றோர் வீடுகளில் 'பெற்றுக்கொண்டேன்' என்று சொல்லவைக்கும் வழக்கம் நம் சபைகளிலும் பரவி வருகிறது. நோயாளி பிழைத்தால் அச்சொல்லுக்குப் புகழ்; இறந்தால் பழி வீட்டாரின் விசுவாசத்தின்மேல். சொல்லித்தந்தவர் அடுத்த ஊருக்குச் சென்றிருப்பார். திருச்சபையில் போதகம் செய்வோர் இதனை இறையியல் வேறுபாடு என்று மட்டும் எண்ணிக் கடந்துபோதல் தகாது. துயருற்ற பல தாய்மாரின் மனச்சாட்சியில் நாம் வைத்த பாரம் அது.

அந்த அம்மையாரை ஆறு திங்களுக்குப் பின் மீண்டும் கண்டோம். மகன் வீடு திரும்பியிருந்தார். ஆனால் முழு நலமடையவில்லை, வேலைக்குச் செல்லவும் இயலவில்லை. எபிரெயத்தையும் நன்னூலையும் பற்றி அவரிடம் நாம் ஒன்றும் சொல்லவில்லை. யோனத்தானின் கதையை மட்டும் வாசித்தோம். 'ஒருவேளை' வந்த இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வசனத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். "அவரு பெரிய வீரருங்களே, அவரே அப்படித்தான் சொன்னாருங்களா?" என்று கேட்டார். ஆம் என்றோம். பிறகு எழுந்து உள்ளே சென்று, மகனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.